வீட்டில் உள்ளவர்களின் தடுப்பூசி என் கணவரைக் காக்குமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 34. எட்டு மாதங்களுக்கு முன்பு அவருடைய கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தி வைக்கும் மூன்று மருந்துகளைக் கணவர் அன்றாடம் உட்கொள்கிறார். 7 வயது மகள், 15 மாத மகன், 66 வயது மாமியார், கணவரின் தம்பி ஆகியோர் அதே வீட்டில் வசிக்கிறார்கள்.

மகனுக்குத் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியும் சின்னம்மைத் தடுப்பூசியும் போட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால், "அவற்றில் இருப்பது உயிருள்ள கிருமி, பிள்ளையிடமிருந்து அப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று உறவினர் ஒருவர் எச்சரித்ததால் வாசகி தள்ளிப்போட்டிருக்கிறார். இன்னொரு உறவினரோ, வீட்டில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டால் கணவருக்கு எதுவுமே தேவையில்லை என்கிறார். தட்டம்மையும் சின்னம்மையும் சிறுவயதிலேயே வந்து போய்விட்டதால் தமக்கு எந்த ஊசியும் வேண்டாம் என்பது மாமியாரின் எண்ணம். கொழுந்தனார் எந்தத் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று உறுதியாக இருக்கிறார். "கூடவே வாழ்வதால் எங்கள் எதிர்ப்பாற்றலில் கொஞ்சம் அவருக்கும் கிடைக்காதா? கொழுந்தனாரைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை உண்டா? கணவர் வேலைக்குத் திரும்பலாமா?" என்று வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், காத்திருக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் தடுப்பூசிகளை இனியும் தள்ளிப்போடாதீர்கள். கணவரைக் காப்பதாக எண்ணி நீங்கள் எடுத்த முடிவு, உண்மையில் அவரை அதிக ஆபத்தில் வைத்திருக்கிறது. அக்கறையால்தான் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்தால் போதும்.

உங்கள் உறவினர்கள் இருவர் சொன்னவையும் தவறு. ஆனால் இருவர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை கலந்திருப்பதால்தான் நீங்கள் இப்படிக் குழம்பியிருக்கிறீர்கள். சில உயிருள்ள தடுப்பூசிகளின் கிருமி பிறருக்குப் பரவக்கூடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகனுக்குப் போட வேண்டியவற்றில் அந்த வாய்ப்பு ஒன்றில் இல்லை, மற்றொன்றில் மிக மிக அரிது. சுற்றியிருப்பவர்களின் எதிர்ப்பாற்றல் ஒருவரைக் காக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது அவருடைய சொந்தப் பாதுகாப்புக்கு மாற்றாகிவிடாது.

எதிர்ப்பாற்றல் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்வதில்லை

உங்கள் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள், ஒரே வீட்டில் வாழ்வதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ கணவரின் உடலுக்குச் சென்றுவிடுவதில்லை. ஒருவரின் எதிர்ப்பாற்றல் இயற்கையாக மற்றொருவருக்குச் செல்வது தாய்க்கும் சேய்க்கும் இடையில் மட்டுமே. கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகவும், பிறந்த பின் ஓரளவு தாய்ப்பால் வழியாகவும் அது நிகழ்கிறது. மற்ற எல்லா உறவுகளிலும் நமது எதிர்ப்பாற்றல் பிறருக்குச் செய்யும் உதவி வேறு வகையானது. கிருமி அவரை வந்தடையும் வழிகளில் ஒன்றை அது அடைக்கிறது.

இந்த அடைப்பு இரண்டு நிலைகளில் நடக்கிறது. தடுப்பூசி பெற்றவரைக் கிருமி தொற்றுவதே அரிதாகிறது என்பது முதல் நிலை. தொற்றாத ஒருவரால் பரப்பவும் முடியாது. அப்படியும் தொற்றிவிட்டால், பல நோய்களில் அவர் வெளியேற்றும் கிருமியின் அளவோ வெளியேற்றும் நாட்களோ குறைகின்றன என்பது இரண்டாம் நிலை. உங்கள் கணவரைப் போல வீட்டிலேயே பெரும்பாலான நேரத்தைச் செலவிடும் ஒருவருக்கு, கிருமி உள்ளே வரக்கூடிய வாயில்கள் ஐந்து பேர்தாம்: நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார், கொழுந்தனார். இவர்களில் பள்ளிக்குச் செல்லும் மகள்தான் அதிகம் திறந்திருக்கும் வாயில். இன்ஃப்ளூயன்சாவைப் பொறுத்தவரை, பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிக நாட்கள் கிருமியை வெளியேற்றக்கூடியவர்கள்.

இது வெறும் ஊகமன்று. மேற்குக் கனடாவில் ஹட்டரைட் என்னும் சமயப் பிரிவினர் கூட்டுவாழ்க்கை நடத்தும் குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடந்தது; 2010-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. சில குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மட்டும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடப்பட்டது. மற்றவற்றில் பிள்ளைகளுக்கு ஒப்பீட்டுக்காகக் கல்லீரல் அழற்சி ஏ தடுப்பூசி போடப்பட்டது. இன்ஃப்ளூயன்சா ஊசி போடப்பட்ட குடியிருப்புகளில், அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதவர்களிடையேயும் நோய் ஏறத்தாழ 61 விழுக்காடு குறைந்திருந்தது. பிள்ளைகளின் எதிர்ப்பாற்றல், ஊசி போட்டுக்கொள்ளாத பெரியவர்களுக்குக் காவலாக நின்றது. உங்கள் மகளுக்கு ஆண்டுதோறும் போடும் ஓர் ஊசி அவளுடைய தந்தைக்கும் சேர்த்தே என்று நான் சொல்வது இதனால்தான்.

கோவிட் காலத்திலும் இதைக் கண்டோம். 2021-ல் இங்கிலாந்தில் வீடுகளுக்குள் பரவிய தொற்றுகளை ஆராய்ந்தபோது, தடுப்பூசி பெற்ற பிறகு தொற்றுக்கு ஆளானவர்களிடமிருந்து வீட்டாருக்குப் பரவியது, தடுப்பூசி பெறாதவர்களிடமிருந்து பரவியதைவிட 40 முதல் 50 விழுக்காடு குறைவாக இருந்தது. பின்னர் வந்த திரிபுகளாலும் மாதங்கள் கடந்ததாலும் அந்தப் பயன் தேய்ந்தது. இந்தத் தேய்மானத்தையும் கணக்கில் கொண்டே நாம் திட்டமிட வேண்டும்.

மகனின் தடுப்பூசிகளைப் பற்றிய அச்சம்

எம்எம்ஆர் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமி என்பது சரியே. ஆயினும் தடுப்பூசியிலுள்ள தட்டம்மைக் கிருமி ஒரு குழந்தையிடமிருந்து மற்றொருவருக்குப் பரவி நோய் உண்டாக்கியதாகப் பதிவில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசியைக் கட்டாயம் போட வேண்டும் என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஒரு தவணை தட்டம்மைக்கு எதிராக ஏறத்தாழ 93 விழுக்காடும், இரண்டு தவணைகள் 97 விழுக்காடும் பாதுகாப்புத் தருகின்றன. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவர் சராசரியாக 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்புவார். நோயாளி அறையைவிட்டு வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அக்கிருமி காற்றில் தங்கும். உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும். அதாவது, உங்கள் மகனுக்குத் தட்டம்மை என்று நீங்கள் அறிந்துகொள்ளும் நாளில், அவனைத் தந்தையிடமிருந்து விலக்கி வைக்கும் காலம் ஏற்கெனவே கடந்திருக்கும்.

சின்னம்மைத் தடுப்பூசியில் மட்டும் ஒரு சிறிய கவனம் தேவை. ஊசி போட்ட சில பிள்ளைகளுக்கு அடுத்த சில வாரங்களுக்குள் உடலில் ஓரிரு கொப்புளங்கள் தோன்றலாம். அப்படித் தோன்றினால், அவை காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அவற்றை மூடி வைத்து, தந்தையுடன் நெருங்கிய தொடர்பைத் தவிர்க்க வேண்டும். கொப்புளம் இல்லையென்றால் பிரித்து வைக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான தவணைகள் போடப்பட்ட பின்னும் இந்தத் தடுப்பூசிக் கிருமி பிறருக்குப் பரவியதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வுகள் மிகச் சிலவே. அவையும் கொப்புளம் தோன்றியவர்களிடமிருந்து பரவியவை. இதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பது, தடுப்பூசி பெறாத மகனுக்கு வரும் உண்மையான சின்னம்மை. அது வீட்டுக்குள் மிக எளிதில் பரவும். எதிர்ப்பாற்றல் தாழ்ந்தவருக்கு நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும். இரண்டையும் எடை போட்டால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகள் இரண்டையும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போட முடியாவிட்டால் இடையில் குறைந்தது நான்கு வாரங்கள் விட வேண்டும். காலதாமதம் ஆகியிருப்பதால் ஒரே நாளில் போட்டுவிடுவதே நல்லது.

உங்கள் உறவினர் அஞ்சியது உண்மையாகவே பொருந்தும் தடுப்பு மருந்து ஒன்று உண்டு. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்திலுள்ள கிருமி, அதைப் பெற்ற குழந்தையின் மலத்தில் பல வாரங்கள் வெளியேறும். எனவே எதிர்ப்பாற்றல் குறைந்தவர் வசிக்கும் வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு மருந்துக்குப் பதிலாக, செயலிழக்கச் செய்யப்பட்ட போலியோ ஊசியைக் கேட்டுப் பெறுங்கள். தவறுதலாகச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டுவிட்டால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மகனின் அணையாடை மாற்றுவது, கழுவிவிடுவது போன்றவற்றைக் கணவர் செய்யாமல் இருக்கட்டும். அதேபோல் மூக்கில் தெளிக்கும் இன்ஃப்ளூயன்சா மருந்தும் உயிருள்ள கிருமியைக் கொண்டது என்பதால், உங்கள் பிள்ளைகளுக்கு ஊசி வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இன்ஃப்ளூயன்சா ஊசியை முதன்முறையாகப் பெறும் ஆண்டில், நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவைப்படும். உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே இது பொருந்தும்.

எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டாலும் மிஞ்சும் இடைவெளி

இரண்டாவது உறவினர் சொன்னதற்கு வருகிறேன். பலவீனமான ஒருவரைச் சுற்றியுள்ள அனைவருக்கும் தடுப்பூசி போட்டு அவரைக் காக்கும் முறை, கக்குவான் இருமலிலிருந்து பச்சிளங்குழந்தைகளைக் காப்பதற்காகப் பெரிய அளவில் முயன்று பார்க்கப்பட்டது. பெற்றோர், தாத்தா, பாட்டி என எல்லோருக்கும் ஊசி போட அமெரிக்காவில் 2000-களின் நடுப்பகுதியில் பரிந்துரைக்கப்பட்டது. நடைமுறையில் குடும்பத்தார் அனைவரையும் சென்றடைவதே அரிதாக இருந்தது. போட்டுக்கொண்டவர்களின் பாதுகாப்பும் சில ஆண்டுகளில் தேய்ந்தது. முழுக் கிருமிக்குப் பதிலாக அதன் சில கூறுகளை மட்டும் கொண்ட, இப்போது பயன்படும் செல்லற்ற வகைக் கக்குவான் தடுப்பூசி, போட்டுக்கொண்டவரை நோயிலிருந்து காத்தாலும், கிருமி அவருடைய தொண்டையில் குடியேறிப் பிறருக்குப் பரவுவதை முழுமையாகத் தடுப்பதில்லை என்பதும் பின்னாளில் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வில் தெரிய வந்தது. அந்த ஆய்வு வெளிவருவதற்கு முன்பே, ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் தாய்க்கே ஊசி போட்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு எதிர்ப்புப் புரதம் சேரச் செய்யும் முறைக்கு 2012-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் மாறின. சுற்றியிருப்பவர்களைக் காப்பதோடு நிறுத்தாமல், காக்கப்பட வேண்டியவருக்கே ஏதேனும் ஒரு பாதுகாப்பைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் அங்கே கற்றுக்கொண்டது.

உங்கள் கணவருக்கும் இதுவே பொருந்தும். எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் அவருக்குப் பொதுவாகக் கூடாது. ஆனால் செயலிழக்கச் செய்யப்பட்ட இன்ஃப்ளூயன்சா ஊசி, நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நுமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி, கோவிட் ஊசி, கல்லீரல் அழற்சி பி ஊசி போன்றவை அவருக்கு உரியவை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மாதங்கள் கழித்து இவற்றைத் தொடங்குவது பெரும்பாலான மருத்துவமனைகளின் வழக்கம். உங்கள் கணவருக்கு எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. மருந்துகளின் காரணமாக அவருடைய உடல் மற்றவர்களைவிடக் குறைவாகவே எதிர்வினை காட்டும். அதற்காக அது வீண் என்று கருதிவிடாதீர்கள். அவருடைய அரைகுறைப் பாதுகாப்பும் உங்கள் அனைவரின் பாதுகாப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்போதுதான் முழுப் பயன் கிடைக்கும்.

சில நோய்களுக்கு வீட்டாரின் தடுப்பூசியால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் மண்ணிலிருந்து காயத்துக்குள் நுழைவது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. அதற்கு அவரே ஊசி போட்டிருக்க வேண்டும்.

மாமியாரும் நீங்களும்

மாமியார் சொல்வதில் பாதி சரி. இயற்கையாக வந்த தட்டம்மை தரும் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிற்கும். 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கு சென்ற டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானும், 1781-ல் அங்கு அந்நோய் கண்டிருந்த முதியவர்கள் 65 ஆண்டுகள் கழித்தும் தப்பியதைப் பதிவு செய்தார். இந்த நோயைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் கவலைப்பட வேண்டியதில்லை.

சின்னம்மை அப்படியன்று. அது குணமான பிறகும் அதன் கிருமி நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படலாம். அந்தக் கொப்புளங்களிலுள்ள நீர் பட்டால், சின்னம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்குச் சின்னம்மை வரும். எனவே மாமியாருக்கு உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கொப்புளம் தோன்றினால் அன்றே மூடிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி உண்டு. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. கிடைக்குமானால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ஃப்ளூயன்சா ஊசி அவருக்கு ஆண்டுதோறும் தேவை. அந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் பழைய நோயோ பழைய ஊசியோ கைகொடுக்காது.

உங்களுக்குச் சின்னம்மை வந்ததா என்பது நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இல்லையெனத் தெரிந்தால், குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் போட்டுக்கொள்ளுங்கள். கருவுற்றிருந்தால் இந்த ஊசி கூடாது. ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். கணவருக்கு இதே பரிசோதனை அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவமனைக் கோப்பிலிருந்து அந்த முடிவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனாரைக் கட்டாயப்படுத்தலாமா?

முடியாது. மனநலமும் தெளிவும் உள்ள ஒரு வயதுவந்தவர், தம் உடலில் எதைச் செலுத்திக்கொள்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை உடையவர். மருத்துவர்களாகிய நாங்களும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. அதேநேரம், அவருடைய முடிவின் விளைவைச் சுமக்கப்போகிறவர் அவருடைய அண்ணன். ஆகவே வீட்டுக்குள் சில ஒழுங்குகளைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. காய்ச்சலோ இருமலோ தொடங்கிய அன்றே அவர் சொல்லிவிட வேண்டும். குணமாகும் வரை தனி அறையில் இருக்க வேண்டும். பொது இடத்துக்கு வரும்போது முகக்கவசம் அணிய வேண்டும். இவை எவையும் தடுப்பூசிக்கு ஈடாகா. இன்ஃப்ளூயன்சா, அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் அவர் மறுக்கிறார் என்பது இருக்கிறது. ஏன் மறுக்கிறார் என்பது இல்லை. ஊசியைக் கண்டாலே அச்சமா, முன்பு ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டதா, யாரோ சொன்ன செய்தியை நம்புகிறாரா என்று சண்டையில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். அச்சம் என்றால் அதற்கு வழி உண்டு. ஒவ்வாமை என்றால் அவர் மறுப்பது சரியாகவும் இருக்கலாம். கணவரின் அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் சென்று, அங்குள்ள மருத்துவரிடம் அவரே தம் ஐயங்களைக் கேட்கச் செய்வது, வீட்டில் பத்து முறை வாதிடுவதைவிட நல்லது. இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். உங்கள் நீண்ட கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. கணவர் என்ன விரும்புகிறார் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. "எனக்காகப் போட்டுக்கொள்" என்று அண்ணன் தம்பியிடம் கேட்பதற்கும், அதையே நீங்கள் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கேட்பதா வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

தொடர்பு ஏற்பட்டுவிட்டால்

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு நாள் மகளின் வகுப்பில் யாருக்கோ சின்னம்மை என்று செய்தி வரலாம். அன்று அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். கணவர் தட்டம்மை கண்டவரோடு தொடர்பில் இருந்திருந்தால் ஆறு நாட்களுக்குள்ளும், சின்னம்மை கண்டவரோடு என்றால் இயன்ற அளவு விரைவாக, அதிகபட்சம் பத்து நாட்களுக்குள்ளும், தயாராக உள்ள எதிர்ப்புப் புரதங்களையே ஊசியாகச் செலுத்த முடியும். இன்ஃப்ளூயன்சாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பயன் தரும். மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண் உங்கள் வீட்டில் எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டு மாதங்கள் கடந்து, சிறுநீரகம் நன்றாக இயங்கி, மருந்தளவும் நிலைப்பட்டுவிட்டால், பெரும்பாலானோர் திரும்புகிறார்கள், திரும்பவும் வேண்டும். நாள் எது என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார். இன்ஃப்ளூயன்சா ஊசியின் பலன் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிடிக்கும் என்பதால், அவருக்கும் வீட்டாருக்கும் ஊசி போட்டு அந்த இரண்டு வாரங்கள் முடிந்த பிறகு திரும்புமாறு திட்டமிடலாம். தமது சிகிச்சையைப் பற்றி அலுவலகத்தில் எவ்வளவு சொல்வது என்பது அவருடைய விருப்பம். காற்றோட்டமான இடத்தில் இருக்கையும், நெரிசல் நேரத்தைத் தவிர்க்கும் வேலை நேரமும் கேட்பதற்குத் தேவையான அளவு சொன்னால் போதும். வேலையில் இருக்கும்போது உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று மாலை வரை பொறுக்காமல் அப்போதே மருத்துவமனையை அழைக்க வேண்டும். இதை அவரிடமும், அவருக்கு அருகில் அமர்ந்து பணியாற்றும், அவர் நம்பும் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.